புதிய எண் பதினாலு

எனக்கு வாய் நீளம் என்று உறையூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் நாலு வார்த்தை விட்டுவிடுவேன், அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிப்பேன். இத்தனை வருஷத்தில் நான் யாரைத் திட்டி எழுதினாலும் தப்பு எதிராளிமேல்தான் இருந்திருக்கிறது. இந்தத் தடவை தப்பு முழுக்க என்னுடையது. அதனால்தான் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

நான் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறேன். பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு பக்கம், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, இலவசம். டியூஷன் சென்டர்களும் ஜவுளிக்கடைகளும் தரும் விளம்பரத்தில் ஓடுகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ்ஸில் அச்சாகும். காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மளிகைக்கடை, டீக்கடை, மருந்துக்கடைகளில் கிடக்கும். எந்தத் தெருவில் என்றைக்குக் கரண்ட் இருக்காது, எங்கே சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது, யாருடைய ரேஷன் கார்டு டவுன் பஸ்ஸில் கிடந்தது, யாருக்கு அவசரமாக ரத்தம் வேண்டும், இதுதான் என் செய்தி. தேர்தல் நெருங்கினால் இரண்டு கட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். "எங்க தலைவர் போட்டோவைச் சின்னதாப் போட்டுட்டீங்க, அவங்களுதைப் பெருசாப் போட்டுட்டீங்க" என்பார்கள். நான் ஸ்கேலை எடுத்து அளந்து காட்டுவேன். அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘மறைவு’ என்று ஒரு கட்டம் உண்டு. பெயர், வயது, வீட்டு முகவரி, காரியம் என்றைக்கு, அவ்வளவுதான் இருக்கும். முதல் பக்கத்தில் நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை யாரும் படிப்பதில்லை. எடுத்த எடுப்பில் எல்லாரும் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

முகவரியில்தான் வம்பே. எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண். பழைய எண் வாசல் சுவரில் பெயிண்டில் இருக்கும். புதிய எண் நீலத் தகட்டில் இருக்கும். வயசானவர்கள் வாயில் பழைய எண்தான் வரும். கவர்ன்மென்ட் காகிதமெல்லாம் புதிய எண்ணில் வரும். அதனால் யார் எண் சொன்னாலும் "பழசா, புதுசா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். கேட்காமல் எழுதியது ஒரே ஒரு தடவை.

அடுத்த தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் பல வருஷம் ஒன்றாக ஓடியவர்கள். ரிட்டயர் ஆகியும் பல வருஷம் ஆகிவிட்டது. இருவருக்கும் ஒரே பெயர். அது என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை அச்சில் போட்டு நான் பட்ட பாடு போதும். பஸ்ஸில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முன்னால் ஒரு தலை, பின்னால் ஒரு தலை திரும்பும். அதனால் ஊரே அவர்களை டிரைவர், கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது.

நான் வேலைக்குப் போன காலத்தில் அவர்கள் பஸ்ஸில்தான் போவேன். காவிரிப் பாலம் ஏறியதும் அரசியல் ஆரம்பமாகும். டிரைவர் ஒரு கட்சி, கண்டக்டர் அதற்கு நேர் எதிர்க் கட்சி. எது யாருடையது என்று எழுதினால் இன்னும் நாலு பேர் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள், வேண்டாம். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கத்துவார். கண்டக்டர் கடைசி சீட்டிலிருந்து பதில் கத்துவார். ராஜகோபுரம் வருவதற்குள் இரண்டு ஆட்சி கவிழ்ந்திருக்கும். பஸ்ஸில் ஒரு ஆள் தூங்க முடியாது.

ஓட்டுப் போடும் நாளன்று மட்டும் இருவரும் காலையில் சேர்ந்தே கிளம்புவார்கள். டிரைவரின் மனைவி இரண்டடி பின்னால் வருவார். வரிசையில் நின்றதும் கண்டக்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார், "என் ஓட்டை இவன் அடிச்சிடுவான், இவன் ஓட்டை நான் அடிச்சிடுவேன். நாங்க ரெண்டு பேரும் வீட்லயே படுத்துத் தூங்கலாம்." டிரைவர் உடனே, "அப்புறம் எதுக்குய்யா வர்றே?" என்பார். "நீ ஒத்தையாப் போயிப் போட்டுடுவியே, அதான்." ஒவ்வொரு தேர்தலிலும் இதே வசனம்தான், ஒரு எழுத்து மாறாது. நாங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

போன வருஷம் டிரைவர் போய்விட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எடுக்கும்வரை கண்டக்டர் அங்கேயே நின்றார். மறுநாளே தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வையம்பட்டியில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். அவர் மனைவி முன்பே தவறிவிட்டார், பிள்ளையும் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும், "இந்தத் தெருவுல இனிமே யாருகூடம்மா சண்டை போடறது?" என்றார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அங்கே போனதும் காய்ச்சலில் படுத்துவிட்டார், வரவில்லை.

அந்த வாரம் என் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டிய வாரம். டிரைவரின் மைத்துனர் போனில் விவரம் சொன்னார். "வீட்டு நம்பர் பதினாலுங்க." வழக்கமாகக் கேட்கும் கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத வீடா என்ற திமிர். கை பழக்கத்தில் ‘புதிய எண் 14’ என்று அடித்தது, கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. அவர் சொன்னது பழைய எண். டிரைவர் வீடு பழைய பதினாலு, புதிய முப்பத்தொன்று. புதிய பதினாலு கண்டக்டருடைய வீடு. ஒரே தெரு, ஒரே பெயர், வயதில் ஒரு வருஷம்தான் வித்தியாசம்.

பத்திரிகை வெளிவந்த மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அந்த பஸ்ஸில் நெடுநாள் போய் வந்தவர். "உங்க பத்திரிகையைப் பார்த்துட்டுத்தான் தெரிஞ்சுண்டேன். ஆத்துக்கே போனேன், பூட்டியிருந்தது. மாலையைக் கேட்டிலேயே சாத்திட்டு வந்துட்டேன். எங்க ஆத்துக்காரிக்கு முட்டி வலின்னு ஸ்டாப் தாண்டி வாசல்லயே நிறுத்துவார், மகானுபாவர்" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாரும் எங்கேயாவது போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "நல்லதுங்க" என்று வைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவர் ஒருவர் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் திருவெள்ளறையிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருக்கிறார்கள். கண்டக்டர் வீட்டுக்கு ஒரு பக்கம் காலேஜ் பிள்ளைகள் வாடகைக்கு இருந்தார்கள், அவர்களுக்குத் தெருவில் யாரையும் தெரியாது. இன்னொரு பக்கம் துபாய்க்காரர் வீடு, வருஷம் முழுக்கப் பூட்டு. வந்தவர்கள் மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். விஷயம் எனக்குத் தெரிந்தபோது காரியம் முடிந்திருந்தது. அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். எங்கே? நாலாம் பக்கத்தில், டியூஷன் விளம்பரத்துக்குக் கீழே, இருப்பதிலேயே பொடி எழுத்தில். மற்றவர்கள் தப்பை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறவள் என் தப்பை அங்கே ஒளித்துவைத்தேன்.

இதற்கு நடுவில்தான் வோட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்தார்கள். சட்டசபைத் தேர்தல் வரப்போகிறதே. அந்தப் பகுதிக்கு வந்தது ஒரு அங்கன்வாடி டீச்சர், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற பெண். கூட வந்த ஒரு கட்சியின் பூத் ஏஜெண்ட் கையில் என் பத்திரிகை. பூட்டிய கதவு, கேட்டில் காய்ந்த மாலைகள், அச்சில் பெயரும் எண்ணும். அந்தப் பெண்ணை என்ன குறை சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். புதிய எண் பதினாலில் இருந்தவர் இறந்துவிட்டார் என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்டக்டர் ஊரிலிருந்து திரும்பி, கேட்டில் சருகாகத் தொங்கிய மாலைகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து லிஸ்டைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். மெலிந்துபோயிருந்தார். வாசலில் நின்றபடியே, "ஏம்மா, என்னைக் கொன்னுட்டியே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு வார்த்தை வராத நாள் அது ஒன்றுதான்.

"மாலையெல்லாம் பாத்தேன். பரவால்ல, நல்ல மாலையாத்தான் போட்டிருக்கானுங்க" என்றவர் உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது. "லிஸ்ட்ல பேரு இல்லாதது பெருசில்லம்மா. அவன் போனப்புறம் வர்ற மொத எலெக்‌ஷன். அவனும் போகல, நானும் போகலைன்னா எப்பிடி? ஒத்தையாவாவது போயி நிக்கணும். அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு எனக்கு."

"நான் பார்த்துக்கிறேன் அண்ணே" என்றேன்.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வோட்டர் லிஸ்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், பொறுமையானவர், ஆனால் காகிதத்தை விட்டு இம்மி நகரமாட்டார். அவர் சொன்னது இதுதான். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டதாகப் பதிவு. கண்டக்டர் உயிரோடு இருக்கிறார் என்றால் இறந்தது மற்றவர். ஆனால் லிஸ்டில் அந்த மற்றவர் உயிரோடு இருக்கிறார். அதைச் சரிசெய்யாமல் இதைச் சேர்த்தால் யாராவது ஆட்சேபணை செய்வார்கள். "அந்த வீட்டு ஆள் வந்து, டெத் சர்டிஃபிகேட் வச்சு, எழுதிக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அன்றைக்குப் புதன்.

படி இறங்கும்போதே கண்டக்டர் சொல்லிவிட்டார், "அவன் வீட்டுத் தங்கச்சிகிட்ட போயி நிக்காதே. மனசு நொந்துபோகும். நான் ஒருத்தன் ஓட்டுப் போடாட்டி ஆட்சியா கவுந்துடப் போவுது? விட்டுடு." நான் சரியென்று தலையாட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் டிரைவர் வீட்டுக்குப் போனேன்.

டிரைவரின் மனைவி, அந்த அக்கா, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். டிவியில் ஏதோ அரசியல் விவாதம், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் டிவியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அவரு பாக்கிற நேரம். போட்டு வைப்பேன்" என்றார். "வாங்க" என்று சொன்னாரே தவிர உட்காரச் சொல்லவில்லை.

"பதினாறுக்கு நெறைய பேரு வருவாங்கன்னு நெனச்சு சமைக்கச் சொன்னோம்" என்று அவரே ஆரம்பித்தார். "அத்தன வருஷம் அத்தன பேர ஏத்தி எறக்குனவரு. யாரும் வரல. இலை போட்டு இலை அப்பிடியே இருந்துச்சு. இவ்வளவுதானா இவருன்னு ஆயிப்போச்சு எனக்கு."

"வந்தாங்க அக்கா. எல்லாரும் வந்தாங்க. வேற கதவுக்கு வந்தாங்க. நான்தான் அனுப்பினேன்."

"திருத்தம் போட்டிருந்தீங்களே, பாத்தேன். கண்ணாடி போட்டுத்தான் தேடிப் பிடிச்சேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. வந்த விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மடித்த துணியையே மறுபடியும் உதறி மடித்தார்.

"அந்த டீச்சர் பொண்ணு லிஸ்ட் கொண்டாந்து காட்டுச்சு" என்றார். "என் பேரு, அதுக்கு மேல அவரு பேரு. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. கேஸ் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தியாச்சு. பேங்க்ல எடுத்தாச்சு. இது ஒண்ணுலதான் இருக்காரு. அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல." தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதையும் நானே என் கையால அடிச்சுக் குடுக்கணுமா?"

நான் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். "வேண்டாம்க்கா. கேட்டதே தப்பு. கண்டக்டர் அண்ணன் உங்ககிட்ட போகவே கூடாதுன்னுதான் சொன்னார். தங்கச்சி மனசு நோகும், நான் ஓட்டுப் போடாட்டி பரவால்லன்னார். நான்தான் கேக்காம வந்தேன்."

அவர் மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். டிவியில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். "சரி, போயிட்டு வாங்க" என்றார். வாசலைத் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேட் சத்தம். அந்த அக்கா நின்றிருந்தார். வெளியே போகும் புடவை, கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் லேமினேட் செய்த டெத் சர்டிஃபிகேட்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றார். "பேருதான் இருக்கு, ஆளு இல்ல. அந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, பேரு இல்ல. அவருக்கே இது தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாரு. எந்த ஆபீசு, வாங்க."

கண்டக்டருக்குப் போன் போட்டேன். முதலில் எனக்கு அரைமணி நேரம் கொடுக்க வேண்டிய திட்டை அரை நிமிஷத்தில் கொடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி வேண்டுமென்று இரண்டு கட்சிப் பூத் ஏஜெண்டுகளையும் கூப்பிட்டிருந்தேன். இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. என் பத்திரிகையோடு சுற்றிய ஏஜெண்ட் அந்த அக்காவுக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டார்.

அதிகாரி படிவத்தை எடுத்தார். "இறந்தவர் பேர் சொல்லுங்கம்மா."

அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் தலைமுறையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இவரும் அப்படித்தான்.

"சொல்லுங்கம்மா, பேரு."

அவர் மெதுவாகக் கையை நீட்டிக் கண்டக்டரைக் காட்டினார். "இவரு பேருதாங்க."

அதிகாரி கண்டக்டரைப் பார்த்தார். "சார், உங்க பேரு?"

கண்டக்டர் எழுந்து நின்று சொன்னார்.

"அது உங்க பேரு. இறந்தவர் பேரு?"

"அதுவும் அதுதான் சார்."

"அப்ப இறந்தது யாரு?"

"நான் இல்ல சார்" என்றார் கண்டக்டர். பின்னால் நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! "தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களா? சர்டிஃபிகேட்டுல எழுதியிருக்குல்ல, படிச்சுக்க மாட்டீங்களா?" என்று பாய்ந்தேன். அந்தப் பையன் என்மேல் கோபப்படவில்லை. "விண்ணப்பதாரர் வாயால சொல்லணும்மா, அதான் கேட்டேன்" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதி, அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்க. இதுதானாம்மா?" என்றார்.

அக்கா தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்தத் தாளை நான் எடுத்துக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். அவர் மடித்துக் கொடுத்தார்.

அடுத்த இதழில் முதல் பக்கம் முழுக்க என் தப்பைப் போட்டேன். இருப்பதிலேயே பெரிய எழுத்து. டிரைவர் படம், கண்டக்டர் படம், யார் வீடு எது, எந்த எண் பழசு, எந்த எண் புதுசு, யார் உயிரோடு இருக்கிறார், அவசரத்தில் கேட்காமல் எழுதிய முட்டாள் யார், எல்லாம் போட்டேன். பிரஸ்காரர், "அம்மா, விளம்பரத்துக்கு இடமே இல்லையே" என்றார். "இந்த ஒரு தடவை இல்லாமப் போகட்டும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இத்தனை மாசம் கழித்துத் துக்கம் விசாரிக்க யார் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் முட்டிவலி மனைவியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். திருவெள்ளறையிலிருந்து ஒரு குடும்பம் தோட்டத்து வாழைத்தாரோடு வந்தது. பெரிய கடைவீதியிலிருந்து ஒரு பாய் வந்தார். அவர் மனைவிக்குப் பஸ்ஸிலேயே பிரசவ வலி எடுத்தபோது, டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாராம். "அந்தப் புள்ளதான் இது" என்று கூட வந்த வளர்ந்த பெண்ணைக் காட்டினார். அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்டக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை, "உள்ள போங்க, முன்னாடி போங்க, நிக்காதீங்க" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

தேர்தல் நாள் வந்தது. எங்கள் எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. காலை ஏழு மணிக்கு முன்பே கண்டக்டர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். "கெளம்பலாமா தங்கச்சி?" என்றார். அவர் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். வரிசையில் நின்றதும் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆண்கள் வரிசையில் அவர் முதல் ஆள், பெண்கள் வரிசையில் அக்காவும் நானும். அவர் உள்ளே போனபோது நாங்கள் வகுப்பறைக் கதவுக்கு வந்துவிட்டோம். உள்ளே முதல் மேசையில் இருக்கும் அலுவலர் சீட்டை வாங்கிப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் லிஸ்டில் டிக் செய்துகொள்வார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தான். நான் எத்தனையோ தேர்தலில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை.

அலுவலர் எண்ணைப் படித்தார். பிறகு அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

என் பக்கத்தில் அக்கா அசையாமல் நின்றுவிட்டார். அவர் கை என் முழங்கையைப் பிடித்தது, நல்ல இறுக்கமாகப் பிடித்தது. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. சொல்லக்கூடிய அண்ணன் தம்பி யாரும் மிச்சமில்லை. அக்காவோ சொல்ல மாட்டார்.

கண்டக்டர் விரலில் மை வைத்துக்கொள்ள அடுத்த மேசைக்கு நகர்ந்தவர், ஏதோ தோன்றியவர் மாதிரி திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். நகர்ந்த அடியைப் பின்னால் எடுத்து வைத்து மறுபடி முதல் மேசைக்கு வந்தார்.

"சார், எனக்கு வயசாயிடுச்சு, காது சரியாக் கேக்காது" என்றார். "என் பேரத்தான் படிச்சீங்களான்னு தெரியல. கொஞ்சம் சத்தமா இன்னொரு தடவை படிங்க."

அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் முன் சீட்டில் ஒருத்தி முனகினால் கடைசி சீட்டில் கேட்கிற காது அது. இரண்டு கட்சி ஏஜெண்டுகளுக்கும் அது தெரியும். இருவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அலுவலர் சீட்டை மறுபடி கையில் எடுத்து, வாசல்வரை கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக அந்தப் பெயரைப் படித்தார்.